வண்டி நின்றால் என்னைக் கூப்பிடு

பெட்ரோல் டேங்கில் ஊற்றுகிற அந்தச் சின்ன பாட்டிலைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, மேடம். அதை ஊற்றினால் வண்டி பறக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வாணலியைச் சோடா மாவு போட்டு ஊறவைக்கிறோம் அல்லவா, அந்த மாதிரிதான். எஞ்ஜினுக்குள் படிந்த கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துப் புகையோடு வெளியே அனுப்பிவிடும். வண்டி பழையபடி ஓடும். அவ்வளவுதான் அதன் வேலை.

மேற்கு மாம்பலத்தில் ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் என் ஒர்க்‌ஷாப். கதிரேசன் டூ வீலர் சர்வீஸ் என்று போர்டு இருக்கும். வீடு அதற்குப் பின்னாலேயே. அந்தப் பாட்டில்களை வாசலிலேயே அடுக்கி வைத்திருப்பேன். வாங்க வருகிறவர்களிடம் நானே சொல்வேன், வண்டி பழசாக இருந்தால் பாட்டிலில் போட்டிருக்கிற அளவுக்குமேல் ஊற்றாதீர்கள் என்று. பழைய டேங்கின் அடியில் துருவும் மண்ணும் பிசினும் அசையாமல் கிடக்கும். அது பாட்டுக்குக் கிடக்கிறவரை வண்டிக்குத் தொந்தரவில்லை. அளவு மீறி ஊற்றினால் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். பில்ட்டரை அடைக்கும். அதையும் தாண்டி, கார்புரேட்டருக்குள் ஜெட் என்று ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கிறது, அதை அடைக்கும். வண்டி இருமும், இழுக்கும், பிறகு நின்றுவிடும். வண்டியை நன்றாகப் பழகியவனாக இருந்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதையும் ஓரளவு சொல்லிவிடலாம்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம், இது தெரியாமல் மற்றது உங்களுக்குப் புரியாது.

என் மனைவி சண்முகவடிவு எனக்கு மாமன் மகள். வடிவு என்று கூப்பிடுவேன். கோவில்பட்டியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு இந்த ஊரைக் கண்டால் பயம். ரங்கநாதன் தெருவுக்குள் போனால் எந்த வழியாக வெளியே வருவது என்று தெரியாமல் போன் செய்வாள்.

"அத்தான், நான் எங்க நிக்கேன்னே தெரியல."

"எதிர்ல என்ன போர்டு இருக்கு, பாரு."

"நகைக்கடை."

"எல்லாமே நகைக்கடைதான். அங்கேயே நில்லு, வாரேன்."

கையில் கிரீஸ் இருக்கும், அதைத் துடைத்துக்கொண்டே ஓடுவேன். கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறுமே, அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அந்த வருடங்களில் என் போன் ஓய்ந்ததே இல்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. எனக்கு அது ஒரு குறையாகவும் தெரிந்ததில்லை.

அவளுக்குக் கியர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். அவளைப் பற்றிப் பேசுகிற யாரும் இதைச் சொல்வதில்லை என்பதால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் வேண்டாம் என்று விட்டுப்போன பழைய வண்டியைப் பிரித்துப் பூட்டி, அசோக் நகர்ப் பக்கம் ஆளில்லாத சாலையில் காலை நேரங்களில் கற்றுக்கொடுத்தேன். கிளட்சை விடும்போது கண்ணை மூடிக்கொள்வாள். பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். விட்டுவிடாதீங்க அத்தான், விட்டுவிடாதீங்க என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவாள்.

பிறகு ஷீலா வந்தாள். நீங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பீர்கள், வடிவின் கட்டில் பக்கத்திலேயே இருக்கிறாளே, அவள்தான். கோட்டூர்புரத்தில் ஆற்றோரக் குடியிருப்பு. அந்த ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. புருஷன் இறந்துபோய் அவனுடைய வண்டியை விற்க என் கடைக்கு வந்திருந்தாள். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த வடிவு, அவளிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"எதுக்கு விக்கிய? நீயே ஓட்டிட்டுப் போயேன்."

"எனக்கு இன்னாக்கா தெரியும்? சைக்கிள் கூட வராது."

"எனக்கு மட்டும் வந்துச்சா? நான் சொல்லித்தாரேன், வா."

நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வடிவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் போவதற்குள் ஷீலா வேலைக்கு வண்டியில் போனாள். அவளைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். கோட்டூர்புரத்தில் ஒரு மைதானத்தில் காலையும் மாலையும் வகுப்பு என்று ஆனது. வீட்டு வேலை செய்கிறவர்கள், கடைகளில் நிற்கிறவர்கள், அடையாற்றிலிருந்து ஒரு வக்கீல் அம்மாகூட வந்தார்கள். வடிவு மிஸ் என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு இந்த ஊரில் எல்லா வழியும் தெரிந்துவிட்டது. துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் எப்படிச் சுற்றிப் போவது என்று ஒருநாள் எனக்கே சொன்னாள்.

என் போன் அடிப்பது நின்றுபோனது. அடித்தால் வாடிக்கையாளராக இருக்கும்.

முதல் முறை நடந்தது தற்செயல். அவள் வண்டி கொஞ்சம் புகைகிறதே என்று நான்தான் அந்தப் பாட்டில் மருந்தை ஊற்றினேன். ஏற்கெனவே கடைப் பையன்கள் யாரோ ஊற்றியிருப்பது தெரியாமல் திரும்பவும் ஊற்றிவிட்டேன். நந்தனம் சிக்னல் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது.

"அத்தான், என்ன செய்தும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்கு. வகுப்புக்கு நேரமாகுது. வாரீங்களா?"

போனேன். வெயிலில் நடைபாதை ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் ரங்கநாதன் தெருவில் மாறிய அதே மாதிரி மாறியது. கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டிக்கொடுத்தேன். நீங்க இல்லேன்னா நான் என்ன செய்வேன் என்றாள். இதை நான் கற்பனை செய்து சொல்லவில்லை. இந்த வார்த்தைகளைத்தான் சொன்னாள்.

அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. சந்தோஷத்தில்தான்.

அதற்குப் பிறகு அவ்வப்போது செய்தேன். அடிக்கடி இல்லை. எனக்கென்று சில கட்டுப்பாடுகள் வைத்திருந்தேன். மழை நாளில் கூடாது. இருட்டும் நேரத்தில் கூடாது. அவளுக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் கூடாது. நிழலும் ஆள் நடமாட்டமும் உள்ள இடமாகப் பார்த்து நிற்கிற மாதிரி அளந்து ஊற்றுவேன். வெங்கடநாராயணா சாலை அதற்கு நல்ல இடம். நின்றால் என்னைக் கூப்பிடு என்று ஒவ்வொரு நாளும் சொல்லித்தான் அனுப்புவேன். கூப்பிட்டதும் கிளம்பத் தயாராக ஒரு பையில் சாமான்களை எடுத்து வைத்திருப்பேன். எந்தப் புருஷன் இவ்வளவு பார்ப்பான், சொல்லுங்கள்.

வகுப்புகள் தவறியது உண்மைதான். மிஸ் வண்டியே ஓடலையாம், இவங்க நமக்கு இன்னா சொல்லித்தரப் போறாங்க என்று யாரோ சிரித்தார்களாம். அதைச் சொல்லி வடிவு ஒருநாள் சமையலறையில் அழுதாள். வேறு வண்டி வாங்கிக்கொள்கிறேன் என்றாள். கையில் ஒரு மெக்கானிக்கை வைத்துக்கொண்டு எதற்கு வேறு வண்டி என்றேன். அவளைத் தேற்றி, தோசை வார்த்துக் கொடுத்தேன்.

மெஹபூப் பாஷாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் ஆட்கள் பிடித்து வைத்திருக்கிற அதே ஆள். கோட்டூர்புரம் பாலம் இறங்கியதும் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் பஞ்சர் ஒட்டுவார், சில்லறை வேலையும் பார்ப்பார். வயதானவர். நான் அவரைத் தப்பாக நினைத்ததே இல்லை.

ஒருநாள் என் கணக்கு கொஞ்சம் பிசகி, வண்டி பாலத்தைத் தாண்டிப் போய் நின்றிருக்கிறது. வடிவு எனக்குப் போன் செய்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது எஞ்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கையில் டீ கிளாஸோடு அவள் அந்த மனுஷனிடம் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். ஆனால் முகம் மாறவில்லை. வந்துட்டீங்களா, பாயே சரி பண்ணிட்டாரு என்றாள்.

பாஷா என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்கதான் அம்மாவோட வூட்டுக்காரரா? மெக்கானிக்னு சொன்னாங்கோ. டாங்குல இன்னா நைனா இவ்ளோ மருந்து? மூடியத் தொறந்தா கப்புனு அடிக்குது. நல்ல மருந்துதான், ஆனா அளவு கீதுல்ல? எவனோ வேணும்னே ஊத்தறான் போல. ஒங்க கடைப் பசங்களக் கேளுங்கோ."

கேட்கிறேன் பாய் என்றேன். வடிவு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டாள்.

"டாங்க்ல நீங்க என்ன ஊத்துதீங்க?"

"எஞ்ஜின் சுத்தமா இருக்கதுக்கு ஊத்துவோம்ல, அதுதான்."

"எவ்வளவு?"

"வேண்டிய அளவு."

அதற்குமேல் கேட்கவில்லை. மறுநாள் ஆணியில் தொங்கிய மாற்றுச் சாவியைக் காணவில்லை. பெட்ரோல் தானே போட்டுக்கொண்டாள். சர்வீஸுக்குப் பாஷாவிடம் விட்டாள். அவர் டேங்கைக் கழுவி, பில்ட்டரை மாற்றிக் கொடுத்திருக்கிறார். அதன்பின் வண்டி எங்கும் நிற்கவில்லை. போனும் வரவில்லை. வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை, அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்குச் சோறு போட்டாள், என் சட்டையைத் துவைத்தாள். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. ஆத்திரமாகச் சண்டை போட்டிருந்தால் நான் வேறு மாதிரி யோசித்திருப்பேனோ என்னவோ.

பிறகு, மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பிடித்திருப்பதாகச் சொன்னாள். வகுப்புக்காக என்றாள். புதன்கிழமை போகப்போவதாகச் சொன்னாள். ஒரு பையில் துணி எடுத்து வைத்தாள். இன்னொரு பையில் குக்கரை வைத்தாள். வகுப்பு நடத்தக் குக்கர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. மனிதர்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

புதன்கிழமை காலை மழை பெய்தது. பெரிய மழை இல்லை. வடிவு குளித்துக்கொண்டிருந்தாள். டேங்க் மூடியின் பூட்டெல்லாம் என் தொழிலில் ஒரு பூட்டே இல்லை. பாஷா டேங்கைக் கழுவிவிட்டதால் அடியில் அழுக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். அதனால் கடையில் ஒரு பழைய டேங்கிலிருந்து வழித்து வைத்திருந்ததையும் சேர்த்துப் போட்டேன். முந்தின நாளே வழித்துக் கொண்டுவந்திருந்தேன்.

நான் யோசித்தது இவ்வளவுதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றால் பாஷா இருக்கிறார். பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றால்தான் என்னைக் கூப்பிடுவாள். நந்தனத்துக்கு முன்னாலேயே நின்றால் வேறு மெக்கானிக் கிடைப்பான், வீட்டுக்கும் பக்கம், ஆட்டோ பிடித்துக்கூடப் போய்விடுவாள். அதனால் பாலத்தை ஒட்டி. சரியாகச் சொன்னால், பாலத்தின் மேல்.

பாலத்தின் மேல் ஓரம் கட்ட இடம் கிடையாது, பின்னால் வண்டிகள் வந்துகொண்டே இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். அந்தப் பாலத்தில் நானும் எத்தனையோ முறை போயிருக்கிறேன்.

குக்கர் பையைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வந்தாள். மழை வலுத்திருந்தது. கொஞ்சம் நின்று போயேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவள் கிளம்பிவிட்டாள். நான் சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு கடை ஸ்டூலில் உட்கார்ந்தேன். போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

அவள் நம்பரிலிருந்துதான் போன் வந்தது. நான் அங்கேயே நில்லு வாரேன் என்றுகூடச் சொல்லிவிட்டேன். பேசியது ஒரு ஆண் குரல். பாலத்துக்கு நடுவில் வண்டி படக்கென்று நின்றிருக்கிறது. இறங்கித் தள்ளப் பார்த்திருக்கிறாள். மழையில் பின்னால் வந்த வேன்காரருக்கு அவள் தெரியவில்லை. அவர் வேகமாக வரவில்லை என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன்.

இடுப்பெலும்பும் தண்டுவடமும் என்றார் டாக்டர். உயிருக்குப் பயமில்லை, ஆனால் கால்கள் பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். வடிவின் அண்ணன் சுயம்புலிங்கம் ஊரிலிருந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். வண்டியில் என்ன கோளாறு மாப்பிள்ளை என்று கேட்டார். ரெண்டு நாள் முன்னால் கோட்டூர்புரத்தில் ஒரு பாய் கார்புரேட்டரைக் கழற்றினார், சரியாக மாட்டவில்லை போல என்றேன். ரெண்டு நாளோ மூணு வாரமோ, அந்த நேரத்தில் வாயில் அப்படி வந்தது. அவர் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுத்துவிட்டார்.

வண்டியை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தபோது, நீங்களே மெக்கானிக்தானே, என்னவென்று பாருங்கள் என்று ஒரு காவலர் சொன்னார். பார்த்தேன். பில்ட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். டேங்கில் இருந்ததை மண்ணில் கொட்டினேன். பிறகு ஜெட் தளர்வாக இருக்கிறது என்று சொன்னேன். அது தளர்வாகத்தான் இருந்தது, நான் தளர்த்திய பிறகு. என் தொழில் அனுபவத்தை மதித்து நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். மரத்தடியிலிருந்து பாஷாவை அழைத்துப் போனபோது, அவருடைய காற்றடிக்கும் பம்பு மழையிலேயே கிடந்தது என்று ஷீலா சொன்னாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

நான் வீட்டைத் தயார் செய்தேன். வாசல் படிக்குச் சரிவாகச் சிமெண்டு பூசினேன். குளியலறைக் கதவை அகலமாக்கினேன். எங்கள் அறைக் கதவில் உள்பக்கம் இருந்த தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன், அவளுக்கு இனி அது எட்டாது, எதற்கு. கட்டில் தலைமாட்டில் ஒரு காலிங்பெல் பொருத்தி, அதன் வயரைக் கடைவரைக்கும் இழுத்தேன். அழுத்தினால் நான் எங்கே இருந்தாலும் கேட்கும். தெருவில் உள்ளவர்கள் அதைப் பார்த்துவிட்டு, பெண்டாட்டியை இப்படிப் பார்த்துக்கொள்கிற ஆள் உண்டா என்று பேசிக்கொண்டார்கள். அந்த நாட்களில் நான் நன்றாகத் தூங்கினேன்.

ஆஸ்பத்திரியில் மட்டும் வடிவு என்னிடம் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் ஷீலாவைப் பார்ப்பாள். தலை வார ஷீலா. நான் ஆரஞ்சை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். வலியில் இருக்கிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

நேற்று மதியம் ஷீலாவை வெளியே போகச் சொன்னாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அத்தான்."

எவ்வளவு நாளாயிற்று அந்த வார்த்தையைக் கேட்டு. கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எனக்கு ஒரு உதவி வேணும். செய்வீங்களா?"

"என்ன வேணும் வடிவு? சொல்லு."

"அந்தப் பாய் ஒண்ணும் செய்யல. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் போலீஸ்ல சொன்னேன். அடிபட்டவ ஏதோ சொல்லுதான்னு விட்டுட்டாங்க. எங்கிட்ட எந்தச் சாட்சியும் இல்ல. பாயோட வீட்டம்மா வந்து என் காலைப் பிடிச்சிட்டு அழுதாங்க. எனக்குக் காலைப் பிடிச்சதுகூடத் தெரியல, அழுத பிறகுதான் தெரிஞ்சுது."

அவள் காலிலிருந்து விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டேன்.

"இதை நீங்க ஒருத்தர்தான் சரி பண்ண முடியும். வேற யாராலயும் முடியாது. நான் வேற யாரைக் கேக்க?"

"சரி பண்ணிட்டு வந்துருதேன். அதுக்கப்புறம் வீட்டுக்குப் போலாம்லா?"

 போயிட்டு வாங்க என்று மட்டும் சொன்னாள்.

அதனால்தான் வந்திருக்கிறேன். உங்களுக்கு எதுவும் பாக்கி இருக்கக் கூடாது என்று முழுவதும் சொல்கிறேன். டேங்கில் ஊற்றியது நான். அழுக்கைச் சேர்த்துப் போட்டதும் நான். மழை பெய்கிறது என்று தெரிந்து, பாலத்தின் மேல்தான் நிற்கும் என்று தெரிந்து செய்தேன். தடயத்தைக் கழுவியது நான். மெஹபூப் பாஷா மேல் சொன்னது அத்தனையும் பொய், அவரை அனுப்பிவிடுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டியதில்லை, மேடம். அவளுக்கு அண்ணன் இருக்கிறார், ஷீலா இருக்கிறாள், மிஸ் மிஸ் என்று சுற்றி வருகிற அத்தனை பெண்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராலும் ஆகாத காரியம் என்று வந்தபோது, அவள் என்னைத்தான் கூப்பிட்டாள்.